இடப்பக்கம் மட்டும் ஏன் கருத்தது? ஒரு பழைய கல் கணப்பை மீட்ட விவரம்

குளிர்காய வீட்டுக்குள் விறகு எரிக்கும் கணப்பு அது. அதன் முகப்பு முழுக்கச் சுண்ணாம்புக்கல். பக்கத்துக்கு ஒரு தூண், இரண்டுக்கும் மேலே ஒரே கல்லில் செதுக்கிய உத்திரம், அதற்கும் மேல் ஒரு சாண் அகலத்தில் மாடத்தட்டு. தரையில் பதித்திருந்த பலகைக்கல் மட்டும் வேறு இனம். உரிமையாளர் வீட்டை வாங்கும்போதே உத்திரம் கன்னங்கரேல் என்று இருந்திருக்கிறது. தூண்களுக்கு யாரோ பெயிண்ட் அடித்திருந்தார்கள், அதன் மேல் இன்னொருவர் இன்னொரு பெயிண்ட். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாம்பல் நிறச் சிமெண்ட் பிதுங்கிக்கொண்டிருந்தது. உத்திரத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மயிரிழை விரிசல்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "கல்லை வெள்ளையாக்கித் தர முடியுமா?"

கரியை எடுக்க முடியும். ஆனால் இந்தக் கல் வெட்டி எடுத்த நாளிலேயே வெள்ளையாக இருந்திருக்காது. மாடத்தட்டின் பின்விளிம்பில், புகையும் பெயிண்டும் படாத ஓரிடத்தில் அதன் சொந்த நிறம் தெரிந்தது. மங்கிய இளமஞ்சள். அதோடு, புகை ஏன் அறைக்குள் வந்தது என்று பார்க்காமல் துடைத்துக் கொடுத்தால் அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் உத்திரம் பழையபடி ஆகிவிடும். கல்லைச் சுத்தம் செய்வதை எங்கள் வேலைத் திட்டத்தின் பின்பாதியில்தான் வைத்தோம். உரிமையாளருக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை.

கறையைப் படித்தது

முதலில் எதையும் தொடாமல், விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து முகப்பு முழுவதையும் படம் எடுத்தோம். பக்கவாட்டு வெளிச்சத்தில் கல்லின் மேடுபள்ளம், உளித்தடம், பெயிண்ட்டின் விளிம்பு எல்லாம் துலங்கும். நேர் வெளிச்சத்தில் கறுப்பு வெறும் கறுப்பாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கறுப்பு சமமாக இல்லை. திறப்பின் இடது மேல் மூலையில் தொடங்கி, விசிறி மாதிரி விரிந்து, மாடத்தட்டின் அடிப்பக்கத்தில் முட்டி நின்றது. வலப்பக்கத்தில் பழுப்புச் சாயல் மட்டுமே. ஈர விறகாலோ எதிர்காற்றாலோ புகைந்த கணப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கறுக்கும். ஒரு பக்கம் மட்டும் கறுத்தால், உள்ளே அந்தப் பக்கத்தில் ஏதோ வழியை மறிக்கிறது என்று அர்த்தம்.

கறுப்பும் ஒரே கறுப்பு இல்லை. உத்திரத்தின் முகத்தில் இருந்தது விரலில் ஒட்டும் உலர்ந்த புகைக்கரி. திறப்பின் உள்விளிம்பில் இருந்தது பளபளப்பான, நகம் பதியாத தார்ப்படலம். விறகு அரைகுறையாக எரியும்போது கிளம்பும் ஆவி, குளிர்ந்த பரப்பில் படிந்து இறுகியது. இதைக் கிரியோசோட் என்பார்கள். மாடத்தட்டின் மேற்புறத்தில் இருந்த கறுப்பு புகையே இல்லை. பல காலம் தேய்த்த மெழுகும் அதில் சிக்கிய தூசியும். மூன்றுக்கும் மருந்து வேறு.

கறுப்புக்கு அடியில் இன்னொன்று இருந்தது. திறப்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. இது கறை இல்லை. சுண்ணாம்புக்கல்லில் சிறிதளவு இரும்புச் சேர்மம் உண்டு, கல்லின் மஞ்சள் சாயலுக்குக் காரணமே அதுதான். 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதிலுள்ள நீர் வெளியேறி, மஞ்சள் இரும்பு ஆக்சைடு சிவப்பு ஹெமடைட்டாக மாறிவிடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் பழைய நிறம் திரும்பாது. உரிமையாளர் அந்த இடத்தைக் காட்டி, "இதையும் எடுத்துடுங்களேன்" என்றார். "அது அழுக்கு இல்லைங்க, கல்லே சூட்டில் நிறம் மாறியிருக்கு. சுரண்டினால் கல்தான் போகும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. பொதுவாக இந்த இடத்தில்தான் கணப்புகள் பாழாகின்றன. சிவப்பைக் கறை என்று நினைத்து ஆசிட் ஊற்றுவார்கள், அதற்கும் போகாவிட்டால் அரைக்கும் வட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

தூண்களின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதை அப்போதைக்குக் குறித்து மட்டும் வைத்துக்கொண்டோம்.

எந்தக் கல், என்ன ஆபத்து

கல் எது என்று தெரியாமல் எந்தத் திரவத்தையும் தொடக் கூடாது. தூணின் பின்புறம், கண்ணில் படாத இடத்தில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு துளி விட்டோம். உடனே நுரைத்தது, அதாவது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் இப்படி நுரைக்கும். தரைப் பலகையில் அதே துளி அசையாமல் கிடந்தது, அது மணற்கல். சோதனை முடிந்ததும் இரண்டு இடத்தையும் தண்ணீர் விட்டு நன்றாக ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கடையில் விற்கும் செங்கல் கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது இதே அமிலம்தான். ஒரு துளியே நுரைக்கிற கல்லில் அதை வாளிக் கணக்கில் ஊற்றினால், கரியோடு சேர்த்து அது உட்கார்ந்திருக்கும் கல்லும் கரைந்து போகும். பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும், ஏனென்றால் மேல்தோல் உரிந்துவிட்டது. உள்ளே மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு அது. கல் எப்போதும் பிசுபிசுவென்று ஈரமாகவே இருக்கும். வினிகர் வீரியம் குறைந்ததுதான், ஆனால் அதுவும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது.

பெயிண்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. பழைய வீட்டு பெயிண்ட் என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான ஈய பெயிண்ட் 1978-இல்தான் தடை செய்யப்பட்டது, பல நாடுகளில் அதற்கும் பிறகு. தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சி அடிப்பூச்சில் சிவந்தது. சந்தேகம் தீர ஒரு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டோம். ஆகவே உப்புக் காகிதம், சூட்டுத் துப்பாக்கி இரண்டும் கிடையாது. முதலாவது ஈயத்தைத் தூசியாக்கும், இரண்டாவது ஆவியாக்கும். கணப்பின் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் அட்டையோ கயிறோ இருக்கிறதா என்றும் தேடினோம். இல்லை. இருந்திருந்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிட்டிருப்போம்.

புகை எங்கே தடுமாறியது

சிம்னியைச் சுத்தம் செய்பவர் முதலில் கேமராவை மேலே அனுப்பினார். திறப்புக்கு மேல், புகைக்குழல் தொடங்கும் இடத்துக்குப் பின்னால், படிக்கட்டு மாதிரி ஒரு திட்டு இருக்கும். அந்தத் திட்டின் இடப்பக்கத்தில் உதிர்ந்த பூச்சு, செங்கல் துண்டு, பழைய பறவைக் கூடு எல்லாம் குவிந்து, புகை ஏறும் இடைவெளியில் பாதியை அடைத்திருந்தது. வெளியே தெரிந்த கறுப்பு விசிறிக்கு அதுதான் காரணம். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டபோது ஒரு பெரிய சாக்கு நிரம்பியது.

அது மட்டும்தான் காரணம் என்றால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும். வலப்பக்கத்திலும் பழுப்பு ஏறியிருந்ததே, அதற்கு என்ன பதில்? திறப்பை அளந்தோம்: அகலம் 90 சென்டிமீட்டர், உயரம் 80. அதாவது 7,200 சதுர சென்டிமீட்டர். புகைக்குழல் 22-க்கு 22, அதாவது 484. விகிதம் ஏறக்குறைய பதினைந்தில் ஒன்று. புகைக்குழலின் குறுக்குப் பரப்பு திறப்பின் பரப்பில் பத்தில் ஒன்றுக்குக் குறையக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. இவ்வளவு பெரிய வாய்க்கு இவ்வளவு சிறிய குழல் போதாது. உள்சுவர்களைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அசலில் இருந்த உள் செங்கல் வரிசையை யாரோ எப்போதோ பெயர்த்து எடுத்து, அடுப்பை அகலமாக்கியிருக்கிறார்கள். பெரிய நெருப்பு வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் போல. கிடைத்தது பெரிய புகை.

இது புதிய பிரச்சினையும் இல்லை. கவுண்ட் ரம்ஃபோர்டு என்று அறியப்படும் பெஞ்சமின் தாம்சன் 1796-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். அடுப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 டிகிரி கோணத்தில் சாய், புகை நுழையும் தொண்டையை நாலு அங்குலத்துக்கு ஒடுக்கு என்பது அவர் சொன்ன வழி. புகையும் குறையும், சூடும் அறைக்குள் அதிகமாக வரும். இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் கணப்பு கட்டுகிறவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள்.

குழலின் உள்சுவரிலும் தார் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. புகைக்குழலின் சுவர் 120 டிகிரிக்குக் கீழே குளிரும் இடங்களில் தார் ஆவி படியத் தொடங்கும். அது தீப்பிடித்தால் குழலுக்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டிவிடும். சிம்னிக்காரர் சுழலும் சங்கிலியால் அதைத் தட்டி எடுத்து, புகைச் சோதனையில் குழல் எங்கும் கசியவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் நாங்கள் முகப்பின் மேல் கை வைத்தோம். முதலில் கல்லைத் துடைத்து அப்புறம் சிம்னியைத் தட்டியிருந்தால், விழும் கரி முழுவதும் புதிதாகத் திறந்த கல்துளைகளில் போய் உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் இல்லாமல் தொடங்கியது

புகைக்கரித் துகள் மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்குதான் ஒரு துகளின் அளவு. கல்லின் துளைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஈரத் துணியால் துடைத்தால் கரி தண்ணீரோடு கலந்து மையாகி, நேராகத் துளைக்குள் இறங்கும். வீடுகளில் கணப்புகள் நிரந்தரச் சாம்பல் நிறமாகிப் போவது பெரும்பாலும் இப்படித்தான். நெருப்பு செய்ததைவிட ஈரத் துணி செய்த கேடு அதிகம்.

முதலில் மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தள்ளித் தள்ளி, ஹெப்பா வடிகட்டி உள்ள தூசு உறிஞ்சியின் வாயில் விழும்படி செய்தோம். சாதாரண உறிஞ்சி நுண்கரியைப் பின்வழியாக அறைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கு அடுத்து ரப்பர் ஸ்பாஞ்ச். தீ விபத்து நடந்த வீடுகளைச் சுத்தம் செய்கிறவர்கள் பயன்படுத்தும், வல்கனைஸ் செய்த இயற்கை ரப்பரால் ஆன துளைக்கட்டி அது. அதை நனைக்கவே கூடாது. கல்லின் மேல் வைத்து, லேசாக அழுத்தி, ஒரே திசையில் ஓர் இழுப்பு; அவ்வளவுதான். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த கரியைத் திரும்பவும் பூசிவிடுவோம். ஓர் இழுப்பிலேயே ஸ்பாஞ்சின் முகம் கறுத்துவிடும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை கத்தியால் அந்த முகத்தை மெல்லிய தகடாகச் சீவி எறிந்துவிட்டு, புது முகத்தோடு தொடர வேண்டும். கையில் இருக்கும் கட்டி சிறுத்துக்கொண்டே போகும், காலடியில் கறுப்புச் சீவல் குவியும். உத்திரத்தின் கறுப்பில் பெரும்பகுதி இப்படியே, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த உரிமையாளர் முதல் தடவையாக எங்கள் திட்டத்தை நம்ப ஆரம்பித்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

பற்று

மிச்சமிருந்தது துளைகளுக்குள் எண்ணெயோடு ஒட்டிப் பிடித்த கரி. இதற்குப் பற்றுதான் சரி: கறையைக் கரைக்கும் திரவத்தைக் கூழில் ஏற்றி, கல்லின் மேல் அப்பி, கரைந்ததைக் கூழே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்படி விடுவது.

எதை ஏற்றுவது என்பதற்கு உத்திரத்தின் மறைவான அடிப்பக்கத்தில் 5 சென்டிமீட்டர் சதுரங்களாகச் சோதனை செய்தோம். வெறும் தண்ணீர்ப் பற்று ஓரளவுக்கு வேலை செய்தது. சுவர் ஓவிய மீட்பில் புகழ்பெற்ற ஏபி57 என்ற கலவை உண்டு. ரோமில் உள்ள மத்திய மீட்பு நிறுவனத்தில் பாவ்லோ மோரா, லாரா மோரா தம்பதி உருவாக்கியது. அதில் பைகார்பனேட் உப்புகளோடு ஈடிடிஏ என்ற வேதிப்பொருளும் உண்டு. ஈடிடிஏ கால்சியத்தைக் கவ்வி இழுக்கும். கறையின் கால்சியம், கல்லின் கால்சியம் என்று அதற்குப் பேதம் தெரியாது. அனுபவசாலி நேரம் பார்த்து எடுக்கும்போது அது அருமையான கலவைதான். கறை இவ்வளவு எளிதாக இளகுகிற கணப்புக்கு அது தேவையில்லை என்று ஈடிடிஏ-வை விட்டுவிட்டோம். அம்மோனியம் கார்பனேட் மட்டும், 100 மில்லி காய்ச்சி வடித்த நீருக்கு 5 கிராம். இதில் எனக்குப் பிடித்த குணம், வேலை முடிந்ததும் அது அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் பிரிந்து காற்றில் போய்விடும். கல்லுக்குள் உப்பு மிஞ்சாது.

சோடியம் கலந்த சமாச்சாரங்களிடம் எனக்குள்ள கோபமும் இதனால்தான். டிரைசோடியம் பாஸ்பேட், சலவை சோடா, சமையல் சோடா எல்லாம் கரியை எடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் துளையுள்ள கல்லிலிருந்து அவற்றை முழுசாகக் கழுவி எடுக்க வழியில்லை. உள்ளே தங்கிய உப்பு ஈரம் காயும்போதெல்லாம் படிகமாகி, துளைச் சுவரை உள்ளிருந்தே நெம்பும். கல் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும்போது, முன்பு செய்த சுத்தத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பிளீச்சிங் திரவமோ கரியை ஒன்றுமே செய்யாது, கரி கார்பன். அதை அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு, அம்மோனியாவோடு கலந்தால் குளோரமீன். மூடிய அறையில் இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

பற்றுப் போட்ட முறை இது. கல்லைத் தூய நீரால் முதலில் நனைத்தோம், கறை உள்ளே ஓடாமல் இருக்க. அதன் மேல் மெல்லிய நார்த்தாள் ஒட்டி, கரைசலில் ஊறிய காகிதக் கூழை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் கையால் அப்பினோம். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடம் திட்டாக நிற்கும் என்பதால், விரலால் அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாள். ஓரத்தைத் தூக்கி அடிக்கடி எட்டிப் பார்த்து, தாள் தேநீர் நிறமானதும் கூழை உரித்து எடுத்து, ஸ்பாஞ்சால் தூய நீர் ஒற்றி, பிறகு வெறும் நீரில் நனைத்த கூழை அப்பி, அதைத் திறந்தபடியே காய விட்டோம். காயும்போது மிச்சமும் கூழுக்குள் ஏறிவிடும். அறையின் பித்தளைக் கொக்கி, கைப்பிடி எல்லாவற்றையும் முன்பே கழற்றி வைத்திருந்தோம். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மூக்குக்கும் நல்லதில்லை, சன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

ரப்பர் பாலைப் பூசி, காய்ந்ததும் தோலாக உரித்து எடுக்கும் முறையும் ஒன்று உண்டு. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் உட்புறத்தை 2000-களின் தொடக்கத்தில் அப்படித்தான் சுத்தம் செய்தார்கள். சமதளச் சுவருக்குச் சரி. உளித்தடம் ஆழமாக உள்ள எங்கள் உத்திரத்தில் சோதித்தபோது, உரிக்கையில் பள்ளத்திலேயே துணுக்குகள் மாட்டிக்கொண்டன.

இறுகிய தார்ப்படலத்துக்கு அம்மோனியம் கார்பனேட் போதவில்லை. பென்சைல் ஆல்கஹால் கலந்த ஜெல்லால் அது இளகியது, ஆனால் முழுவதும் போகவில்லை. உள்விளிம்பில் ஒரு பழுப்பு நிழல் தங்கிவிட்டது. நெருப்பு எரியும் இடத்தின் வாயில் அந்த நிழல் இருப்பது எனக்கு உறுத்தவில்லை. இன்னும் துரத்தியிருந்தால் விளிம்பின் கூர்மையை இழந்திருப்போம்.

அதே ஜெல்தான் பெயிண்ட்டுக்கும். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் நீக்கிகள் வேகமாக வேலை செய்யும்; அந்த ஆவி உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும், மூடிய அறைகளில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா 2019-இல் அதைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடுத்தது. மெதுவான ஜெல்லைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மறுநாள் மரத்தகட்டால் வழித்தோம். ஈயம் கலந்த கழிவு என்பதால் எல்லாவற்றையும் தனிப் பையில் மூடிக் கட்டி, அபாயக் கழிவாகவே ஒப்படைத்தோம்.

பெயிண்ட்டுக்கு அடியில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. அதற்கும் அடியில், வலது தூணில், கல்தச்சர் போட்ட கோடுகள். உருட்டு விளிம்பு எங்கே தொடங்க வேண்டும் என்று கூர்முனையால் கீறிய செங்குத்துக் கோடு ஒன்று, அதை வெட்டும் சிறு குறுக்குக் கோடுகள் மூன்று. மூன்றாவது கோட்டைக் கீறிவிட்டு மனம் மாறியிருக்கிறார். அதற்கு நெல் அகலம் தள்ளி இன்னொன்று கீறி, செதுக்கல் அந்தப் புதுக் கோட்டைத்தான் பின்பற்றுகிறது. தூணின் முகத்தில் நடுப்பரப்பு முழுக்கக் குத்துளிப் புள்ளிகள், நான்கு ஓரமும் தட்டையுளியால் இழைத்த பட்டை. ஆசிட்டோ மணல் வீச்சோ பட்டிருந்தால் இதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. குழிவுகளில் இறுகியிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சை அப்படியே விட்டோம். அது கல்லுக்குக் கெடுதல் செய்யவில்லை, அந்தக் கணப்பின் முதல் நிறம் எது என்பதற்கு அது மட்டும்தான் சாட்சி.

விரிசல், சாந்து, அடுப்பு

உத்திரத்தின் விரிசலுக்குக் காரணம் சூடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பின்பக்கச் செங்கல்லைக் கொஞ்சம் கழற்றியதும் உண்மை தெரிந்தது. மேல்சுவரைத் தாங்க உத்திரத்தின் முதுகில் ஓர் இரும்புப் பட்டையைச் செருகியிருந்தார்கள். அது துருப்பிடித்துச் செதில் செதிலாக வீங்கியிருந்தது. துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். கல்லைப் பின்னாலிருந்து பிளந்தது அதுதான். விரிசலை மட்டும் அடைத்திருந்தால் பக்கத்திலேயே இன்னொன்று திறந்திருக்கும்.

சுவருக்கு முட்டுக் கொடுத்து, பட்டையை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் கோணம் வைத்தோம். துருப்பிடிக்காத எஃகு என்றதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மீட்டர் நீள எஃகு 200 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீளக் கல் அதில் பாதிகூட நீளாது. அதனால் இரண்டு முனையிலும் இடைவெளி விட்டு, அதில் பீங்கான் இழைப் பஞ்சை அடைத்தோம். எஃகு தன் இஷ்டத்துக்கு நீளலாம், கல்லைத் தொடாது.

விரிசலுக்கு எபாக்சி பசை வேண்டாம் என்று முடிவெடுத்ததில் விவாதம் நடந்தது. பலம் என்று பார்த்தால் எபாக்சிதான் பலம். ஆனால் அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சிகளில் பெரும்பாலானவை 50, 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்குகின்றன. எரியும் கணப்பின் உத்திரத்தில் அந்த வெப்பம் சாதாரணம். எடையைத் தாங்கும் வேலை எஃகுக் கோணத்துக்குப் போய்விட்டதால், விரிசலுக்குப் பலம் தேவைப்படவில்லை, நிரப்பினால் போதும். நுண்ணிய சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் கீழிருந்து மேலாகச் செலுத்தினோம். முகப்பில் தெரியும் கோட்டைக் கல்தூளும் சுண்ணாம்பும் கலந்து மூடினோம். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும், அது தெரிவதில் தப்பில்லை.

இணைப்புகளில் இருந்த சிமெண்ட்டைக் கையுளியால்தான் எடுத்தோம். வெட்டு இயந்திரம் ஒரு நொடி நழுவினால் கல்லின் ஓரம் போய்விடும். சிமெண்ட்டுக்குப் பதில் என்.எச்.எல். 3.5 என்று பையில் அச்சிட்டிருக்கும் நீரியல் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டு இறுகும் வகை) ஒரு பங்கு, கழுவிய மணல் இரண்டரைப் பங்கு. 28 நாளில் அந்தச் சுண்ணாம்பின் அழுத்த வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 முதல் 10 நியூட்டன் வரைதான். சிமெண்ட் குறைந்தபட்சம் 32.5. சாந்து கல்லைவிட மெலிதாக இருப்பதே முறை. அசைவு வந்தால் சாந்து விரியட்டும், ஈரம் வந்தால் சாந்து வழியாக வெளியேறட்டும். இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, அழுத்தி நிரப்பி, சில நாள் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். கொத்தனார் கடைசியில் தூரிகையின் நுனியால் சாந்தின் முகத்தைக் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்கினார். வழவழப்பாகத் தேய்த்தால் மேலே சுண்ணாம்புப் பால் ஏறித் துளைகளை மூடிக்கொண்டுவிடும் என்பது அவர் கணக்கு, அது சரியும்கூட.

அடுப்பின் உள்ளே சுண்ணாம்பும் உதவாது, சிமெண்ட்டும் உதவாது. சிமெண்ட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு 400 டிகிரிக்கு மேல் நீரை இழந்து சிதையும். ஆறியபின் காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கி உதிரும். தீச்செங்கல்லும் தீச்சாந்தும்தான் அங்கே. பழைய செங்கல் வரிசை இருந்த தடத்தைப் பின்பற்றி, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டி, திறப்பை 68-க்கு 70 சென்டிமீட்டராகக் குறைத்தோம். 4,760 சதுர சென்டிமீட்டர், குழலின் 484-உடன் ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒன்று. தீச்செங்கல்லுக்கும் முகப்புக் கல்லுக்கும் நடுவே விரல் புகாத இடைவெளி விட்டு, அதிலும் பீங்கான் கயிறு. இனி சூடு கல்லை நேரடியாகத் தள்ளாது. தரைப் பலகைக்கு நாங்கள் அதிகம் ஒன்றும் செய்யவில்லை. மணற்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று விரியும் என்பதால், நேராக அதன் மேல் தீ மூட்டாமல் இரும்புத் தட்டு வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

எல்லாம் முடிந்ததும் உரிமையாளர் கேட்டது, "மேலே ஏதாவது சீலர் அடிச்சிடலாமா, திரும்பக் கறுக்காதே?" அக்ரிலிக் பூச்சு சூட்டில் மஞ்சளாகும், ஆளி விதை எண்ணெய் பழுப்பாகும், இரண்டுமே ஈரத்தை உள்ளே பூட்டும். ஒன்றும் அடிக்கவில்லை. ரப்பர் ஸ்பாஞ்ச் கட்டிகள் சிலவற்றை அவரிடமே கொடுத்து, உபயோகிக்கும் விதத்தையும் காட்டினோம்.

முதல் நெருப்பு சின்னதாக. சாந்தில் மிச்சமிருக்கும் நீர் மெதுவாக வெளியேற வேண்டும், அவசரப்பட்டால் ஆவி உள்ளிருந்தே வெடித்துக் கிளம்பும். சில மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஊதுவத்திப் புகையைத் திறப்பின் ஓரம் முழுக்கப் பிடித்துப் பார்த்தோம்; இரு மூலையிலும் ஒரே மாதிரி உள்ளே இழுத்தது. விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று முள் அளவியால் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் மாட்டியாயிற்று. அந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும், வாசனையும் கிடையாது.

குளிர்காலம் ஒன்று முடிந்து போய்ப் பார்த்தோம். உத்திரத்தில் புது விசிறி இல்லை. உள்விளிம்பில் மெல்லிய தூள், இரண்டு பக்கமும் சமமாக, ஸ்பாஞ்சின் ஓர் இழுப்பில் போனது. விரிசல் மறுபடி அசைந்தால் உடைந்து காட்டட்டும் என்று கோட்டின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லு உடையவில்லை. ஆனால் தூண்களின் அடியில் உப்பு மறுபடியும் பூத்திருந்தது, முன்பைவிடக் குறைவாக, இடது தூணில் சற்றுக் கூடுதலாக. அது நெருப்பின் வேலை இல்லை, தரைப் பலகைக்கு அடியிலிருந்து ஏறும் ஈரம். உலர்ந்த தூரிகையால் தட்டி உறிஞ்சி எடுத்துவிட்டோம். தண்ணீரால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். அடுத்த வேலை வெளிச்சுவரில். கணப்பின் முதுகுப்புறம் மண் உள்தரை மட்டத்தைவிட உயர்ந்து கிடக்கிறது. அதை வெட்டித் தணித்து, மழைநீர்க் குழாயின் வாயைத் தள்ளி வைத்த பிறகு, ஒரு வருடம் விட்டு உப்பை எடுக்கும் பற்றுப் போடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.